3 நாளில் ஒரு விழித்திரை: மீன் முட்டைக்குள் நடக்கும் நெசவு ஆரணிக்கு ஏன் முக்கியம்?

ஆரணி என்றதும் இரண்டு விஷயம் ஞாபகத்துக்கு வரும். ஒன்று அரிசி, இன்னொன்று பட்டு. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டை நெய்ய என்னென்ன வேண்டும் என்று கேட்டால் தறி, பாவு, ஊடை, ஜரிகை என்று வரிசையாகச் சொல்வார்கள். அந்த வரிசையில் யாரும் சேர்க்காத ஒரு கருவி உண்டு. அது நெசவாளரின் விழித்திரை.

ஆயிரக்கணக்கில் பக்கம் பக்கமாக ஓடும் பாவு இழைகளில் ஒன்று அறுந்தாலும் உடனே கண்ணில் பட வேண்டும். அரக்குக்கும் மெரூனுக்கும் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டும். பார்டரில் ஜரிகை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது பிசகக் கூடாது. இவ்வளவையும் செய்வது, கண்ணின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், சுமார் கால் மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஒரு திசு. அதில் ஒளியை உணரும் செல்கள் மட்டுமே சுமார் 10 கோடி. அவை கொடுக்கும் தகவலை மூளைக்குக் கொண்டுபோக சுமார் 10 லட்சம் நரம்பிழைகள்.

இத்தனை நுணுக்கமான திரையை யார் நெய்தது? எந்த வரிசையில்? ஒரு இழை தப்பினால் என்ன ஆகும்? தாயின் வயிற்றுக்குள் நடப்பதை நாள் முழுக்க உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முடியாது. அதனால் விஞ்ஞானிகள் வேறு ஒரு உயிரினத்திடம் போனார்கள். வண்ணமீன் கடைக்குப் போனால் கண்ணாடித் தொட்டிக்குள் கூட்டமாக ஓடுமே, உடம்பில் நீலக் கோடு போட்ட குட்டி மீன்? அதேதான். வரிக்குதிரை மீன், அதாவது ஜீப்ரா ஃபிஷ்.

ஏன் இந்த மீன்?

முதலில் ஒரு சுவாரஸ்யம். உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளரும் இந்த மீனுக்குச் சொந்த ஊர் நம்ம பக்கம்தான். கங்கை, பிரம்மபுத்திரா சமவெளியின் ஓடைகளும் வயல்களும் இதன் வீடு. 1822-ல் கங்கையின் மீன்களைப் பற்றி எழுதிய நூலில் இதை முதன்முதலில் விவரித்தவர் பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். 1800-ல் மெட்ராஸிலிருந்து கிளம்பி மைசூர், கனரா, மலபார் என்று சுற்றிவந்து பயணக் குறிப்பு எழுதிய பிரான்சிஸ் புக்கானனும் இவர்தான். பிற்பாடு பெயரை மாற்றிக்கொண்டார்.

அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இந்த மீனை மரபணு ஆய்வுக்குப் பழக்கினார். அவருடைய முக்கியமான ஆய்வுக்கட்டுரை 1981-ல் வந்தது. அதற்குப் பிறகு எலிக்கு அடுத்தபடியாக மருத்துவ ஆய்வின் செல்லப்பிள்ளை இந்த மீன்தான். 2009-ல் டெல்லியில் உள்ள ஐஜிஐபி ஆய்வு நிறுவனம், அசாமில் பிடித்த காட்டு வரிக்குதிரை மீனின் மரபணுத் தொகுப்பை வாசித்தது.

காரணங்கள் எளிமையானவை. ஒரு பெண் மீன் ஒரே தடவையில் 200 முட்டைகள்வரை இடும். கரு தாயின் உடம்புக்கு வெளியே வளரும். முட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எல்லாவற்றையும்விட முக்கியம், அது கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவக்கூடியது. மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தால், உயிரோடு இருக்கும் கருவின் கண் உருவாவதை நேரடி ஒளிபரப்பு மாதிரி பார்க்கலாம்.

‘மீனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கலாம். 2013-ல் வெளியான முழு மரபணு வரைபடம் இதற்குப் பதில் சொன்னது. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனில் ஜோடி உண்டு. விழித்திரை விஷயத்தில் ஒற்றுமை இன்னும் நெருக்கம். அதே அடுக்குகள், அதே வகைச் செல்கள், ஏறக்குறைய அதே வரிசை.

மணிக்கணக்கில் ஒரு கண்

வரிக்குதிரை மீனின் கருவை ஆய்வகத்தில் 28.5 டிகிரி செல்சியஸில் வளர்ப்பார்கள். அந்த வெப்பநிலையில் அதன் கடிகாரம் அவ்வளவு துல்லியம். கருவின் வயதை நாளில் சொல்ல மாட்டார்கள், மணியில் சொல்வார்கள்.

*10 மணி நேரம்:* கரு இன்னும் மஞ்சள் கருவின் மேல் ஒட்டிய ஒரு போர்வை மாதிரிதான் இருக்கும். மூளையாகப் போகிற தட்டையான பகுதியின் முன்பக்கம் ஒரு சின்ன இடம் கண்ணுக்கென்று ஒதுக்கப்படுகிறது. ஆச்சரியம் என்னவென்றால், அது ஒரே இடம். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரே மனை! நடுக்கோட்டிலிருந்து வரும் ரசாயன சமிக்ஞைகள்தான் அந்த மனையை இரண்டாகப் பாகம் பிரிக்கின்றன. அந்தச் சமிக்ஞை கிடைக்காவிட்டால் கரு ஒற்றைக் கண்ணோடு வளரும். இப்படிப்பட்ட ஒரு மரபணு மாற்றத்துக்கு, கிரேக்கப் புராணத்தில் வரும் ஒற்றைக் கண் அரக்கனின் பெயரை வைத்து ‘சைக்ளாப்ஸ்’ என்றே பெயர். ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற சமிக்ஞை கெட்டுப்போனால் மனிதக் கருவிலும் மூளையும் முகமும் சரியாகப் பிரியாமல் போகும். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

*12 முதல் 16 மணி நேரம்:* மூளையின் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி இரண்டு புடைப்புகள் வெளியே நீளும். இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். விழித்திரை என்பது கண்ணில் வளர்ந்து பிறகு மூளையோடு இணைகிற உறுப்பு இல்லை. அது மூளையின் ஒரு துண்டு, வெளியே எட்டிப் பார்க்க வந்தது. மருத்துவர் உங்கள் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது மூளையின் ஒரு பகுதியைத்தான் நேரில் பார்க்கிறார்.

*16 முதல் 24 மணி நேரம்:* தட்டையான புடைப்பு மடிந்து கிண்ணமாகிறது. உள்பக்கம் விழித்திரை, வெளிப்பக்கம் அதைத் தாங்கி ஊட்டும் கருநிறப் படலம். கிண்ணத்தின் வாயில் தோல்பகுதியிலிருந்து வந்த லென்ஸ் உட்காரும். கிண்ணத்தின் அடிப்பக்கம் ஒரு வெட்டு இருக்கும். ரத்தக்குழாய் உள்ளே போகவும் நரம்பு வெளியே வரவும் அதுதான் வழி. பிறகு அந்த வெட்டு ஜிப் போட்ட மாதிரி மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் அது ‘கொலபோமா’ என்ற பிறவிக் குறை. மனிதக் குழந்தைகளிடமும் இது உண்டு, சிலருக்குக் கருவிழி சாவித் துவாரம் மாதிரி தெரியும். மனிதக் கருவில் இந்த வெட்டு 5 முதல் 7-வது வாரத்துக்குள் மூட வேண்டும். பல பெண்களுக்குத் தான் கர்ப்பம் என்பதே அப்போதுதான் தெரிய வந்திருக்கும்.

ஆக, மீனுக்கு ஒரு நாள் முடிவதற்குள் கண்ணின் உருவம் தயார். ஆனால், அது இன்னும் எதையும் பார்க்காது. திரை இன்னும் நெய்யப்படவில்லை, தறி மட்டும்தான் பூட்டியாகிவிட்டது.

முதலில் பிறப்பது யார்?

24 மணி நேரக் கருவின் விழித்திரையில் எல்லாச் செல்களும் ஒரே மாதிரி இருக்கும். நீளமாக, திரையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நிற்கும். ஒவ்வொரு செல்லின் கருவும் உள்ளுக்கும் வெளிக்குமாகப் போய்ப் போய் வரும், தறியில் நாடா ஓடுகிற மாதிரி. வெளி ஓரத்துக்கு வரும்போதுதான் செல் இரண்டாகப் பிரியும். பிறகு மறுபடி ஓட்டம்.

சுமார் 28 மணி நேரத்தில் முதல் செல் இந்த ஓட்டத்தை நிறுத்தி, ‘இனி நான் நரம்பு செல்’ என்று முடிவெடுக்கிறது. அது கேங்லியான் செல். மூளைக்குத் தகவல் அனுப்பும் செல். கேமராவை மாட்டுவதற்கு முன்னால் ஒயரிங் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மாற்றம் கண்ணின் அடிப்பக்கம் மூக்கை ஒட்டிய இடத்தில் தொடங்கி, விசிறி விரிவது மாதிரி முழு விழித்திரைக்கும் பரவும்.

அதற்குப் பிறகு நடுவில் தகவலைத் தொகுக்கும் அமக்ரைன் செல்களும் கிடைச் செல்களும் வரும். நிறம் பார்க்கும் கூம்பு செல்கள், அவற்றிலிருந்து தகவலை வாங்கிக் கடத்தும் இருமுனைச் செல்கள், மங்கிய வெளிச்சத்தில் பார்க்கும் குச்சி செல்கள் என்று ஒவ்வொன்றாகச் சேரும். கடைசியில் வருவது முல்லர் செல். திரையின் மேலிருந்து கீழ்வரை தூண் மாதிரி நின்று மற்ற செல்களைத் தாங்குவது அதன் வேலை. சுமார் 60 மணி நேரத்தில் விழித்திரையின் நடுப்பகுதியில் செல் பிறப்பு ஏறக்குறைய முடிந்துவிடும். 72 மணி நேரத்தில், அதாவது மூன்றாம் நாள், அடுக்குகள் தெளிவாகத் தெரியும். மனிதக் கண்ணிலும் கேங்லியான் முதலில், முல்லர் கடைசியில் என்ற இந்த வரிசை பெரிய அளவில் மாறவில்லை. நமக்கு இதே வேலைக்கு மாதங்கள் ஆகும், அவ்வளவுதான்.

சரி, எந்தச் செல் எதுவாக மாற வேண்டும் என்று யார் சொல்வது? டிசைன் ஷீட் ஏதாவது இருக்கிறதா? கேம்பிரிட்ஜில் வில்லியம் ஹாரிஸ் குழு 2012-ல் இதை ஆராய்ந்தது. வரிக்குதிரை மீனின் விழித்திரையில் தனித்தனித் தாய்ச்செல்களைப் பின்தொடர்ந்து, ஒவ்வொன்றும் என்னென்ன வாரிசுகளைக் கொடுக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவே இல்லை. ஒரு தாய்ச்செல்லுக்குச் சில வாரிசுகள், இன்னொன்றுக்குப் பல. வகைகளும் வேறு வேறு. ஆனால், மொத்த விழித்திரையை எடுத்துப் பார்த்தால் மீனுக்கு மீன் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே விகிதம். தனித்தனியாகப் பார்த்தால் சீட்டுக் குலுக்கல், மொத்தத்தில் பார்த்தால் ஒழுங்கு.

நான்கு நிற இழைகள்

நமக்கு நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மூன்று வகை. இந்த மீனுக்கு நான்கு: சிவப்பு, பச்சை, நீலம், அதோடு நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் புற ஊதா ஒளியில் பளிச்சென்று தெரியும். பிறந்து சில நாளே ஆன மீன் குஞ்சு அதை வைத்துத்தான் இரை பிடிக்கிறது.

வளர்ந்த மீனின் விழித்திரையை மேலிருந்து பார்த்தால் நெசவாளருக்குப் பழக்கமான காட்சி ஒன்று தெரியும். ஒரு வரிசையில் சிவப்பும் பச்சையும் ஜோடி ஜோடியாக. பக்கத்து வரிசையில் நீலமும் புற ஊதாவும் மாறி மாறி. அதற்கடுத்து மறுபடி சிவப்பு-பச்சை. இரண்டு சிவப்பு, இரண்டு பச்சைக்கு ஒரு நீலம், ஒரு புற ஊதா என்ற கணக்கு பிசகாமல் போகும். கட்டம் போட்ட சேலையை விரித்து வைத்த மாதிரி இருக்கும்.

இன்னொரு விசேஷம். மனிதக் கண்ணின் செல் கணக்கு பிறக்கும்போதே ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மீனுக்கு அப்படி இல்லை. மீன் வளர வளரக் கண்ணும் வளரும். விழித்திரையின் விளிம்பில் வளையமாக இருக்கும் ஸ்டெம் செல்கள் ஆயுள் முழுக்கப் புது இழைகளை ஓரத்தில் சேர்த்துக்கொண்டே இருக்கும். முந்தானை முடியாத சேலை.

மூளைவரை போகும் முகவரி

திரை நெய்தால் மட்டும் போதாது, அதை மூளையோடு கோக்க வேண்டும். முதல் கேங்லியான் செல்களின் நரம்பிழைகள் கண்ணைவிட்டுக் கிளம்பி, நடுக்கோட்டில் எதிர்ப்பக்கம் தாண்டி, சுமார் 48 மணி நேரத்தில் மூளையின் பார்வைப் பகுதியைத் தொடுகின்றன. இந்த மீனில் ஒரு கண்ணின் இழைகள் மொத்தமும் எதிர்ப்பக்க மூளைக்குத்தான் போகும். மனிதர்களுக்குப் பாதிக்குச் சற்று மேல்தான் எதிர்ப்பக்கம் போகும், மீதி அதே பக்கம்.

இங்கே வரிசை மாறினால் எல்லாம் போச்சு. பாவு இழைகளை இடம் மாற்றிக் கோத்தால் டிசைன் குலைவதுபோல, நரம்பிழைகள் தப்பான இடத்தில் போய் அமர்ந்தால் மேலே இருப்பது கீழே தெரியும். ஒவ்வொரு இழைக்கும் தன் இடம் எப்படித் தெரிகிறது? 1963-ல் ரோஜர் ஸ்பெர்ரி ஒரு விளக்கம் சொன்னார். ஒவ்வொரு இழைக்கும் ஒரு ரசாயன முகவரி உண்டு, மூளையில் உள்ள இலக்குக்கும் அதற்குப் பொருந்தும் முகவரி உண்டு என்றார். மீன், தவளைகளில் அவர் செய்த சோதனைகளே இதற்கு ஆதாரம். அந்த முகவரி எழுதும் மூலக்கூறுகளைப் பிறகு வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

மீன் குஞ்சுக்குக் கண் தெரியுதான்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

மீன் குஞ்சிடம் எழுத்துப் பலகையைக் காட்ட முடியாது. அதனால் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒரு உருளைக்குள் அதை வைத்து, உருளையை மெதுவாகச் சுற்றுவார்கள். பார்வை இருந்தால் குஞ்சின் கண்கள் கோடுகளின் பின்னாலேயே நகர்ந்து, சட்டென்று திரும்பி, மறுபடி நகரும். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரின் கண் ஆடுமே, அது மாதிரி. மூன்றாம் நாளிலேயே இது தொடங்கிவிடும். ஐந்தாம் நாள் நன்றாகவே தெரியும்.

இந்த எளிய சோதனையின் மதிப்பு பெரியது. ஒரு குடும்பத்தில் பரம்பரையாகப் பார்வை மங்கும் நோய் இருக்கிறது, மரபணுப் பரிசோதனையில் சந்தேகத்துக்குரிய ஒரு மாற்றம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதுதான் காரணமா என்று எப்படி உறுதி செய்வது? மீன் கருவில் அதே மரபணுவை முடக்கி, ஐந்தாம் நாள் கோடு போட்ட உருளைக்குள் வைத்துப் பார்க்கலாம். விடைக்கு வருடக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

இது தமிழ்நாட்டுக்கு ஏன் முக்கியம் என்றால், நாட்டில் சொந்தத்துக்குள் கல்யாணம் அதிகம் நடக்கும் மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று முறை பார்த்துச் செய்யும் கல்யாணங்களில், இரண்டு பேரும் ஒரே பழுதான மரபணுவைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ‘ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா’ என்ற விழித்திரை நோயின் பல வகைகள் இப்படித்தான் வெளியே வருகின்றன. முதலில் இருட்டில் தடுமாற்றம், பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி ஆகிவிடும். தறிக்குழியில் உட்கார்ந்து கையருகே இருக்கும் டிசைனைப் பார்க்கிறவருக்கு ஆரம்ப வருடங்களில் குறை தெரியாமலேகூடப் போகலாம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில்தான் தெரியும்.

அறுந்த இழையைத் தானே பிணைக்கும் மீன்

இந்த மீனின் கதையில் உலகமே ஆவலோடு பார்க்கும் பகுதி இதுதான். வளர்ந்த மீனின் விழித்திரையில் காயம் ஏற்பட்டால் சில வாரங்களில் அது மறுபடி வளர்ந்து பார்வை திரும்பிவிடும். நமக்கு வளராது.

வேலையைச் செய்வது, கடைசியில் பிறந்து தூணாக நிற்கும் அந்த முல்லர் செல்தான். காயம் பட்டதும் அது தன் வயதை மறந்து ஸ்டெம் செல் மாதிரி மாறுகிறது. பிரிந்து பெருகி, காணாமல்போன எல்லா வகைச் செல்களையும் மறுபடி உருவாக்குகிறது. கருவில் நடந்த நெசவையே திரும்ப ஒரு முறை ஓட்டுகிறது.

எப்படி என்ற கேள்விக்கு விடை தேடுபவர்களில் இந்தியக் குழு ஒன்றும் உண்டு. மொகாலியில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் ராஜேஷ் ராமச்சந்திரன் தலைமையிலான குழு அது. அவர் அமெரிக்காவின் மிச்சிகனில் டேனியல் கோல்ட்மேனோடு வேலை செய்தபோது 2010-ல் வந்த ஆய்வு, அடிப்படையான ஒரு சங்கிலியைக் காட்டியது. சாதாரண நாளில் ‘லெட்-7’ என்ற நுண் ஆர்என்ஏ, முல்லர் செல் இளமைக்குத் திரும்பாமல் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. காயம் பட்டால் ‘ஏஎஸ்சிஎல்1ஏ’ என்ற மரபணு விழித்து, ‘லின்28’ என்ற இன்னொன்றை எழுப்பும். அது லெட்-7 பூட்டைத் திறக்கும். 2018-ல் மொகாலி குழு அடுத்த கண்ணியைச் சேர்த்தது. லெட்-7 அடக்கி வைத்திருப்பவற்றில் ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ சமிக்ஞைப் பாதையும் ஒன்று. ஆமாம், கருவில் கண்ணை இரண்டாகப் பிரிப்பதில் பங்கெடுக்கிற அதே ஆள். காயத்தை ஆற்றவும் திரும்ப வருகிறது.

நம் கண்ணிலும் முல்லர் செல் இருக்கிறது. ஆனால், காயம் பட்டால் அது பெரும்பாலும் தழும்பை மட்டும்தான் உண்டாக்கும். 2017-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரே குழு, வளர்ந்த எலியின் முல்லர் செல்களில் இதே வகை மரபணுவைத் தூண்டி, ஒரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது அவற்றில் சில புது நரம்பு செல்களாக மாறின. பாலூட்டிகளிடமும் பூட்டு நிரந்தரமானது இல்லை என்பதற்கு அது சாட்சி.

அப்போ சிகிச்சை வந்தாச்சா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மீனில் நடப்பது எலியில் கொஞ்சம் நடந்திருக்கிறது. இந்த வழியில் மனிதருக்கு விழித்திரையை மறுபடி வளர்க்கும் சிகிச்சை எதுவும் இன்று புழக்கத்தில் இல்லை. ஆனால், ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் பார்வை திரும்பும்’ என்ற விளம்பரங்கள் ஃபோனுக்கே வந்து விழுகின்றன. 2017-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான சம்பவம் எச்சரிக்கையாக இருக்கட்டும். அமெரிக்காவில் வயதான மூன்று பெண்கள், தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணுக்குள் செலுத்திக்கொண்டார்கள். இருந்த பார்வையின் பெரும்பகுதியும் போய்விட்டது. சோதனையில் இருக்கும் சிகிச்சைக்குப் பணம் கேட்டால், அதுவும் இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போடலாம் என்றால், எழுந்து வந்துவிடுவது நல்லது.

உண்மையாகவே வந்திருக்கும் முன்னேற்றமும் உண்டு. ‘ஆர்பிஇ65’ என்ற ஒரே ஒரு மரபணுவின் பழுதால் வரும் பார்வையிழப்புக்கு, மரபணு சிகிச்சை 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலை மிக அதிகம், பொருந்துவது மிகச் சிலருக்கு. ஆனாலும், எந்த மரபணுவில் பழுது என்று தெரிந்தவருக்குத்தான் இப்படிப்பட்ட கதவு திறக்கும். மீன் ஆய்வுகள் உதவுவது அங்கேதான்.

பிறந்த பிறகும் நெய்யப்படும் மனித விழித்திரை

மீனின் கடிகாரம் மணியில் ஓடுகிறது, நம்முடையது வாரத்தில். கருவின் நான்காம் வாரத்தில் கண் புடைப்பு, ஏழாம் வாரத்துக்குள் வெட்டு மூடல். விழித்திரையின் ரத்தக்குழாய்கள் சுமார் 16-வது வாரத்தில் கண்ணின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் படரத் தொடங்கும். ஓரத்தைத் தொடுவதற்குள் ஏறக்குறைய 40 வாரம் ஆகிவிடும். அதாவது பிரசவ நாள்வரை.

அப்படின்னா, 30 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு? அதன் திரை பாதி நெய்த நிலையில்தான் இருக்கும். கருப்பைக்குள் ஆக்ஸிஜன் குறைவு. வெளியே வந்ததும் அளவு திடீரென்று கூடுவதால் ரத்தக்குழாய்களின் வளர்ச்சி நின்றுவிடும். சில வாரங்கள் கழித்து, வளர்ந்த விழித்திரை பட்டினி கிடந்து அலறும்போது தாறுமாறாகப் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை திரையை இழுத்துக் கழற்றினால் பார்வை போய்விடும். இதுதான் ‘ஆர்ஓபி’ என்று மருத்துவர்கள் சொல்லும் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய்.

2020-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக மதிப்பீடு. அன்று பிழைக்காத குழந்தைகள் இன்று பிழைக்கின்றன, அது சிறிய ஊர்களின் பச்சிளம் குழந்தைகள் பிரிவுகளின் சாதனை. ஆனால், பிழைத்த குழந்தையின் கண்ணைப் பார்க்க வேண்டிய நாள் ஒன்று உண்டு. 34 வாரத்துக்கு முன்பு பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும் என்பது இந்திய வழிகாட்டுதல். 28 வாரத்துக்கு முன்பு பிறந்தாலோ, 1,200 கிராமுக்குக் குறைவாக இருந்தாலோ, இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர், ஊசி என்று சிகிச்சை இருக்கிறது. தாண்டிவிட்டால் திரும்பப் பெற முடியாது. கர்நாடகத்தில் ‘கிட்ராப்’ என்ற திட்டம், பயிற்சி பெற்ற டெக்னீஷியன்களை மாவட்ட மருத்துவமனைகளுக்குக் கேமராவோடு அனுப்பி, படத்தை பெங்களூருவில் உள்ள நிபுணர் பார்த்துச் சொல்லும் முறையை நடத்திக் காட்டியிருக்கிறது.

பிரசவம் முடிந்து தாய் வீட்டில் ஓய்வெடுக்கும் மாதம் அது. ‘பச்சைக் குழந்தையை அலைக்கழிக்க வேண்டாம், 40 நாள் போகட்டும்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால், குறைமாதக் குழந்தைக்கு அந்த 40 நாள் என்பது 10 நாள் தாமதம்.

தறி வீட்டுக் கண்களுக்கு என்ன செய்யலாம்?

எல்லாப் பார்வைக் குறையும் விழித்திரைக் குறை இல்லை. 40 வயதைத் தாண்டியதும் ஊசியில் நூல் கோக்கச் சிரமப்படுவது லென்ஸின் பிரச்சினை, அதற்குக் கண்ணாடி போதும். 2018-ல் வெளியான அசாம் தேயிலைத் தோட்ட ஆய்வு இதன் பலனை அளந்து சொன்னது. 40 வயதைக் கடந்த 751 தொழிலாளர்களில் ஒரு பாதிக்கு உடனே படிக்கும் கண்ணாடி கொடுத்தார்கள். கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களின் உற்பத்தி 21.7 சதவீதம் கூடியது. இலை பறிக்கவே இவ்வளவு என்றால், இழை பார்க்கும் வேலைக்குக் கண்ணாடி எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

விழித்திரைப் பிரச்சினை வேறு மாதிரி வரும். கண்ணாடி மாற்றியும் தெளிவு வராது. நேர்க்கோடு வளைந்து தெரியும். திரை விழுந்தது மாதிரி ஒரு பக்கம் மறையும். திடீரென்று மின்னல் வெட்டுகள், கறுப்புப் புள்ளிகள் தெரியும். இருட்டில் வழி தெரியாது. இதில் எது வந்தாலும் கடையில் கண்ணாடி வாங்கிச் சமாளிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஒரு அறிகுறியும் இல்லாவிட்டாலும் வருடம் ஒரு முறை சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சேதம் வலிக்காது, தெரியவும் தெரியாது. குடும்பத்தில் யாருக்காவது மாலைக்கண் மாதிரி பரம்பரைக் குறை இருந்தால், சொந்தத்துக்குள் சம்பந்தம் பேசுவதற்கு முன்பே மரபணு ஆலோசனை கேட்பது பிறக்கப்போகும் குழந்தைக்குச் செய்யும் உதவி.

முல்லர் செல்லின் பூட்டை மனிதக் கண்ணில் திறக்கும் சாவியை மொகாலியிலும் மற்ற ஆய்வகங்களிலும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது கிடைக்கும்வரை மீனுக்கு இருக்கும் வசதி நமக்குக் கிடையாது. ஒரு முறை நெய்த திரைதான், ஆயுளுக்கும் அதுதான்.